சமனில் முடிந்த ஆட்டம்

ஓர் ஆட்டம் முடிய ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகுமா என்று வாசகர்களாகிய நீங்கள் வியக்கக்கூடும். அஞ்சல்வழிச் சதுரங்கத்தில் ஆகும். 1988 தொடக்கத்தில் காயல்பட்டினத்திலிருந்து லக்னோவுக்கு நான் அனுப்பிய முதல் அட்டையில் நான்கு இலக்கங்களே இருந்தன: 5254. ஐந்தாம் நிரலில் இரண்டாம் கட்டத்திலுள்ள காலாள் நான்காம் கட்டத்திற்குச் செல்கிறது என்பது பொருள். அவருக்குத் தமிழ் தெரியாது; எனக்கு உருது வராது. எண்களுக்கு அந்தத் தடை இல்லை.

அட்டையின் விலை அப்போது 15 காசு. போய்ச் சேர ஒரு வாரம், மறுமொழி வர ஒரு வாரம். பத்து நகர்த்தல்களுக்கு முப்பது நாள் அவகாசம். அஞ்சலில் கழியும் நாட்கள் கணக்கில் சேரா. அஞ்சல் முத்திரையே கடிகாரம். பலகையில் ஒரு காய் இடம் மாறிவிட்டாலோ, பழைய அட்டைகளை எடுத்து ஆட்டத்தை முதலிலிருந்து அடுக்க வேண்டியதுதான். எங்கள் வீட்டில் இது மும்முறை நிகழ்ந்தது. இருமுறை பூனையின் கைங்கரியம்.

41ஆம் நகர்த்தலுக்குப்பின் லக்னோவிலிருந்து மறுமொழி நின்றுபோயிற்று. நினைவூட்டல் அட்டைக்கும் பதிலில்லை. விதிப்படி வெற்றியைக் கோர எனக்கு உரிமையுண்டு. ஆனால் அவரிடம் ஒரு காலாள் கூடுதலாக இருந்தது. பலகையில் பின்தங்கியவன் முத்திரைத் தேதியைக் காட்டி வெல்வதற்கு மனம் ஒப்பவில்லை. நலம் விசாரித்து எழுதினேன். ஏழு வாரங்களுக்குப்பின் வேறொரு கையெழுத்தில், ஆங்கிலத்தில், கடிதம் வந்தது. கண்ணில் அறுவை நடந்திருக்கிறது. தந்தை சொல்ல மகள் எழுதியிருந்தார். கீழே நான்கு இலக்கங்கள்.

அதன்பின் அவர் விட்டுக்கொடுத்தார் என்று எண்ணிவிடாதீர்கள்! காலாளைத் தள்ளிக்கொண்டே வந்தார். இறுதியில் எஞ்சியவை இரு ராஜாக்கள், இரு யானைகள், அந்த ஒற்றைக் காலாள். பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபிலிடோர் 1777இல் விளக்கிய தற்காப்பு எனக்குக் கைகொடுத்தது. நம் ராஜா காலாளின் எதிரே நிற்க, யானை நம் பக்கத்திலிருந்து மூன்றாம் வரிசையைக் காக்கும்; எதிரி ராஜா அவ்வரிசையில் கால்வைக்க இயலாது. காலாள் அங்கு வந்ததும் யானை மறுகோடிக்குச் சென்று பின்னிருந்து ‘செக்’ கொடுத்துக்கொண்டேயிருக்கும். ராஜாவுக்கு மறைவிடம் இராது.

இன்று பன்னாட்டு அஞ்சல் சதுரங்கக் கூட்டமைப்பின் ஆட்டங்கள் பெரும்பாலும் இணையத்தில் நடக்கின்றன. கணினியின் துணைக்கும் அனுமதியுண்டு. உயர்மட்ட ஆட்டங்களில் மிகப் பெரும்பாலானவை சமனே. எங்கள் சமன் அவ்வளவு எளிதில் வந்ததன்று.

1990 இறுதியில், 58ஆம் நகர்த்தலுடன், சமன் கோரி அட்டை வந்தது. இம்முறை அவரது கையெழுத்தேதான்; எழுத்துகள் மட்டும் சற்றுப் பெரியவை. அடுத்த ஆட்டத்தில் வெள்ளைக் காய்கள் தமக்கே வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.