வான்கோழியும் ஒரு நாட்டின் பெயரும்

ஆங்கிலத்திலும் தன்னைத் 'துர்க்கியே' என்றே அழைக்க வேண்டுமென்ற துருக்கியின் கோரிக்கையை 2022 ஜூனில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றது. 'டர்க்கி' என்ற பழைய பெயர் வான்கோழியையும் குறித்தது அந்நாட்டாருக்கு உறுத்தலாயிருந்தது.

எனக்கோ அப்பறவை மீதுதான் இரக்கம். மெக்சிக்கோவில் வளர்ப்புப் பறவையாகி, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியரோடு ஐரோப்பா சென்றது அது. துருக்கி வணிகர் விற்ற கினிக்கோழியென மயங்கி ஆங்கிலேயர் அந்நாட்டின் பெயரை இட்டனர். துருக்கியரோ 'ஹிந்தி' என்றனர், இந்தியாவிலிருந்து வந்ததாம்! போர்த்துக்கேயருக்கு அது 'பெரு'. ஒல்லாந்தர் கள்ளிக்கோட்டையை எண்ணிக் 'கல்கூன்' என்றனர். சிங்களத்தின் 'களுகும்' அதன் வழிவந்ததே. இவர்களில் எவரும் அதன் தாயகத்தைச் சொல்லவில்லை.

1972இல் 'சிலோன்' என்பதை விலக்கிய நாட்டின் செய்தியாளன் நான். ஒருவரை அவர் விரும்பும் பெயரால் எழுதுவதே முதல் மரியாதை என்பேன். நாடுகள் கோரிக்கை விடுக்கலாம். வான்கோழி யாரிடம் விடுக்கும்?