தாத்தாப்பூவும் அரியரும்

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டோரம், கொள்ளிடக் கரை, திருச்சியில் காலி மனை என்று எங்கே பார்த்தாலும் அந்தச் செடி நிற்கும். நீளமான காம்பு, நுனியில் மஞ்சள் நடுவோடு சின்னதாய் ஒரு வெள்ளைப் பூ. தாத்தாப்பூ என்பார்கள். வெட்டுக்காயப் பூண்டு என்றும் பெயர். பிள்ளைகள் பூவின் தலையைச் சுண்டி விளையாடும். விழுந்து முட்டி பெயர்ந்தால் பெரியவர்கள் அதே இலையைக் கசக்கிச் சாறு பிழிந்து விடுவார்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த களை என்றாலும் ஊர்க்காரனாகவே ஆகிவிட்டது.

ஞாபகசக்தி என்றால் எல்லோருக்கும் வல்லாரைதான் நினைவுக்கு வரும். ஆனால் விஞ்ஞானிகள் சில வருடங்களாகத் துரத்திக்கொண்டிருக்கும் ஒரு பொருள் இந்தத் தாத்தாப்பூச் செடியில் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. அதன் பெயர் 7,8-டைஹைட்ராக்சிஃபிளேவோன். பழம், கீரை, தேயிலையில் உள்ள ஃபிளேவனாய்டு குடும்பத்தைச் சேர்ந்தது.

இதற்கு ஏன் இவ்வளவு மவுசு? மூளையின் நரம்பு செல்கள் பிழைத்திருக்கவும், ஒன்றோடொன்று புதிதாக இணைப்புப் போடவும் பி.டி.என்.எஃப். என்ற புரதம் தேவை. 1982ல் பன்றி மூளையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். செடிக்கு உரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். சரி, அதையே ஊசியாகப் போட்டால் என்ன? முடியாது. பெரிய மூலக்கூறு, ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழையாது, சீக்கிரம் சிதைந்தும் போகும்.

2010ல் அட்லாண்டாவின் எமோரி பல்கலைக்கழகத்தில் கெசியாங் யே குழுவினர், பி.டி.என்.எஃப். திறக்கும் அதே பூட்டை இந்தக் குட்டி ஃபிளேவோனும் திறக்கிறது என்று அறிவித்தார்கள். அதே ஆண்டு அதில் டைமெத்தில்அமினோ என்ற ஒரு கொக்கியை மாட்டி, இன்னும் வீரியமாகவும் கூடுதல் நேரமும் வேலை செய்யும் வடிவத்தையும் செய்தார்கள். அல்சைமர் மாதிரி நோய் உண்டாக்கப்பட்ட எலிகளின் நினைவாற்றல் தேறியதாகப் பின்னர் ஆய்வுகள் வந்தன.

இங்கேதான் சிக்கல். வாய்வழியாகக் கொடுத்தால் எலியின் ரத்தத்தில் போய்ச் சேர்ந்தது சுமார் 5 சதவீதம்தான். நூறு ரூபாய்க்கு சரக்கு அனுப்பி ஐந்து ரூபாய் சரக்கு கடைக்கு வந்தால் எந்த வியாபாரி தாங்குவான்! அதைச் சரிசெய்ய 2018ல் ஆர்13 என்ற மாற்று வடிவத்தை அதே குழு வெளியிட்டது. அதற்கு முந்தின வருடமே, 2017ல், கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்துவிட்டு, அந்தப் பூட்டு திறக்கவே இல்லையே என்று எழுதினார்கள். அடிப்படையிலேயே இன்னும் தகராறு!

இதெல்லாம் தெரியாமல், பரீட்சைக்கு முந்தின வாரம் அரியர் பயத்தில் ஒரு மாணவன் "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று லேபிள் ஒட்டிய பொடியை ஆன்லைனில் வரவழைக்கிறான். பரிசோதனைக்கூட எலிக்காவது பக்கத்தில் ஒருவர் நின்று எடை பார்க்கிறார், நோட்டில் எழுதுகிறார். ஹாஸ்டல் ரூமில் விழுங்குகிறவனுக்கு அதுவும் கிடையாது. அதற்காகச் செடியைப் பிடுங்கித் தின்பதும் வைத்தியம் ஆகாது.

2011ல் அமெரிக்காவில் 120 முதியவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு வருடம் வாரத்தில் மூன்று நாள் நடந்தவர்களுக்கு, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதி 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. கை காலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சுருங்கியிருந்தது. நடந்தவர்களில் அந்தப் பகுதி அதிகம் வளர்ந்தவர்களுக்கு ரத்தத்தில் பி.டி.என்.எஃப். அளவும் கூடியிருந்தது. அதே உரம்தான், காசு செலவில்லாமல்!

ஸ்ரீரங்கத்தில் மார்கழி பகல்பத்து, இராப்பத்தில் அரையர்கள் பாசுரங்களைத் தாளம் தட்டி, அபிநயம் பிடித்து, மனப்பாடமாகச் சேவிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து தகப்பனாரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி வந்த ஞாபகம் அது. அரையருக்கும் அரியருக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். நடுவில் இருப்பதோ பல வருடப் பயிற்சி.

அந்த மருந்து ஒருநாள் மனிதனுக்கும் பலித்தால் நல்லதுதான். வீட்டு வழி மறந்துபோன தாத்தா, பாட்டிகளுக்கு அது வரட்டும். அரியர் எழுதுகிறவன் அதுவரை சித்திரை வீதியை ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து புத்தகத்தைத் திறக்கலாம்.