கான்டஸாவும் ஒரு சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டும்

பி.காம். படித்தவர்களுக்கு மட்டும் வரும் கெட்ட கனவு ஒன்று உண்டு. பரீட்சை ஹால். டிரயல் பாலன்ஸ் போட்டு முடித்தாயிற்று. பற்றுக்கும் வரவுக்கும் பதினெட்டு ரூபாய் உதைக்கிறது. மணி அடித்துவிட்டார்கள். என்ன செய்வது? அந்தப் பதினெட்டு ரூபாயை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒரு மூலையில் தள்ளிவிட்டு, மருதமலை முருகனை வேண்டிக்கொண்டு பேப்பரைக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

என் சித்தப்பாவின் கான்டஸா கார் இரண்டு வருஷமாக எனக்கு அந்தப் பதினெட்டு ரூபாயாக இருந்தது.

கான்டஸாவைப் பார்த்திராத தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. 1984-லிருந்து 2002 வரை மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த வண்டி. பூர்வீகம் இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டர். பிறகு ஜப்பான்காரரின் இசுசு 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியரும் வந்து சேர, சினிமாவில் வில்லன்கள் எல்லோரும் இதில்தான் வந்து இறங்கினார்கள். இதைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் வெளிநாட்டுக்காரன் சிரிப்பான். சிரிக்கட்டும். அம்பாஸடருக்கும் ஃபியட்டுக்கும் நடுவே வளர்ந்த எங்களுக்கு நீள மூக்கோடு, பின்சக்கரம் தள்ள, உறுமிக்கொண்டு போகும் இதுதான் ஸ்போர்ட்ஸ் கார்!

சித்தப்பா வண்டி ஓடியிருப்பது இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர். அதில் முக்கால்வாசி அவரே ஓட்டியது. போன வருஷம் முதுகுத் தண்டில் ஆபரேஷன் ஆனதிலிருந்து சாவி என்னிடம்.

சாவியோடு வியாதியும் வந்தது. அறுபது கிலோமீட்டர் வேகம் வரை வண்டி பரம சாது. எழுபதில் லேசாக ஒரு 'ர்ர்ர்'. எண்பதில் முன்ஸீட், பின்ஸீட், கண்ணாடி, டாஷ்போர்டு பிள்ளையார் எல்லாம் சேர்ந்து அதிரும். கோயமுத்தூரில் கிரைண்டருக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதன்மேல் உட்கார்ந்துகொண்டு போனால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டவன் அடியேன் ஒருவன்தான்!

சித்தப்பாவை ஒரே ஒரு தடவை பொள்ளாச்சி ரோட்டில் அழைத்துப் போனேன். கிணத்துக்கடவு தாண்டுவதற்குள் முகம் வெளுத்துவிட்டது.

"திருப்பு கண்ணு. முதுவு தாங்காது" என்றார்.

ஆனைமலைப் பக்கத்தில் பிறந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. வாடகைக் காரில் போகலாம் என்றால் கேட்கமாட்டார். "என்ற வண்டி இருக்கறப்ப வாடகைக்கு எதுக்கு?" என்பார்.

வைத்தியம் ஆரம்பமாயிற்று. வீல் அலைன்மென்ட், பாலன்ஸிங்... இரண்டு தடவை. நான்கு புது டயர். எஞ்சின் மவுன்ட் ரப்பர். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி இரண்டு பக்கமும் புது கிராஸ். அந்த ஷாஃப்ட்டையே லேத்தில் கொடுத்து பாலன்ஸ். கோயமுத்தூரில் லேத்துக்கா குறைச்சல்? பில்கள் மட்டும் 46,300 ரூபாய்க்கு வந்துவிட்டன. மேஜை மேல் ஃபேன் காற்றில் பறக்காமலிருக்க, நான் பேப்பர் வெயிட்டாக வைத்திருக்கும் இரண்டு ஓட்டை போட்ட இரும்புத் துண்டின் கீழே பில்களை அடுக்கியிருந்தேன். அதிர்வு மட்டும் அடங்கவில்லை.

கடைசியாகப் பார்த்தவர், "கிரௌன் பினியனை மாத்தோணுங். கிடைக்கறது கஷ்டம். பேசாம குடுத்துடுங்க" என்றார். அதை நான் வீட்டில் சொல்லித் தொலைத்தேன். சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் உக்கடத்திலிருந்து பழைய இரும்பு எடுப்பவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிப் போயிருந்தார். எடைக்கு! வில்லன்கள் வந்து இறங்கிய வண்டியைப் பழைய பேப்பர் மாதிரி எடைக்கு!

எனக்குப் பொறுக்கவில்லை. இது என்ன ஊர்? 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே தானே ஓட்டிய ஜி.டி. நாயுடுவின் ஊர். அவினாசி ரோட்டில் அவர் பெயர் சொல்லும் கார் மியூசியம் 2015-லிருந்து இருக்கிறது. ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களை வடிவமைத்த கரிவர்தன், 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் 2003-ல் ரேஸ் டிராக்கே திறந்தார்கள். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான். இப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு அதிர்வுக்கு மருந்தில்லையா?

பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "ஷாஃப்ட் சமாச்சாரம்னா சங்ககிரிக்குப் போங்க. காருக்காரங்களுக்கு ஷாஃப்ட் ஒண்ணு. லாரிக்கு ரெண்டு, மூணு. அங்க இருக்கறவங்க அதுலயே பொறந்து வளந்தவங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன்.

கொங்கு நாட்டை விடிகாலையில் பார்க்க வேண்டும் ஸார். அவினாசிக் கோபுரத்துக்குப் பின்னால் சிவப்பு. திருப்பூர் பனியன் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு எதிரே வரும் லாரிகள். விஜயமங்கலம் சுங்கச்சாவடியில் டோல் கட்டினேன். பெருந்துறை போனது. சித்தோடு தாண்டி, பவானியை ஒட்டி காவிரிப் பாலம். இதையெல்லாம் நான் அறுபது கிலோமீட்டர் வேகத்திலேயே ரசித்தேன். அதற்கு மேல் போனால் காட்சி இரண்டிரண்டாகத் தெரிகிறதே!

சங்ககிரி மலைக்கோட்டை கண்ணில் பட்டது. 1805-ல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட இடம். கீழே ரோட்டோரம் எங்கு பார்த்தாலும் லாரி. பாடி கட்ட நாமக்கல், போர்வெல் வண்டிக்குத் திருச்செங்கோடு, லாரிக்குச் சங்ககிரி என்று இந்த வட்டாரத்தில் பாகப்பிரிவினை செய்து வைத்திருக்கிறார்கள்.

டிரைவர் சொன்ன பட்டறை ஒரு வேப்பமரத்தடியில் இருந்தது. மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். கிரீஸ் படிந்த அரை டிராயர். நெற்றியில் திருநீறு. பில் ஃபைலை நீட்டினேன். வாங்கவில்லை.

"அதெல்லாம் அப்பறம் பாக்கலாந் தம்பி. இந்த ஆட்டம் வர்றதுக்கு முன்னாடி கடைசியா என்ன வேலை பாத்தீங்க?"

இரண்டு வருஷத்தில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி! யோசித்தேன். "கிளட்ச் பிளேட் மாத்துனோமுங்க. ஆனா அப்புறம் வண்டி ஒரு மாசம் ஷெட்லயேதான் நின்னுது."

"ம்" என்றார். பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

பைபாஸில் ஐந்தாவது கியரில் எண்பது. 'ர்ர்ர்'. "நாலாவதுக்கு மாத்தி அதே எம்பதுல போங்க." எஞ்சின் இரைச்சல் கூடியது, அதிர்வு அப்படியே. "இப்ப நியூட்ரல் பண்ணி உடுங்க." எஞ்சின் அடங்கியது, அதிர்வு கொஞ்சம் தணிந்ததே தவிர நிற்கவில்லை.

"எஞ்சின் இல்லீங். எஞ்சின் குத்தமா இருந்தா கியரை மாத்தறப்ப ஆட்டமும் மாறோணும். இது ரோட்டு வேகத்தோட வருது. கியர்பாக்ஸுக்குப் பின்னாலதான். ஸ்டீயரிங் ஆடலை, ஸீட்டுதான் ஆடுது. அதனால முன்சக்கரமும் இல்லை."

"பின்சக்கரம்?"

"சக்கரக் குத்தம் தட்டுமுங் தம்பி... தட், தட்டுன்னு. இது ரீங்காரம் போடுது."

கணக்குப் பிள்ளை மூளை சும்மா இருக்குமா? மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் விநாடிக்குச் சுமார் 12 சுற்று. ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் அதைப்போல ஏறக்குறைய நாலு மடங்கு, அதாவது 48. தட்டலுக்கும் ரீங்காரத்துக்கும் அதுதான் வித்தியாசம்! மனுஷர் கால்குலேட்டர் இல்லாமல் ஸீட்டில் உட்கார்ந்தே கண்டுபிடித்துவிட்டார்.

"ஆனா ஷாஃப்ட்டை பாலன்ஸ் பண்ணியாச்சு, கிராஸ் புதுசுங்களே?"

"ஷாஃப்ட் நல்லா இருக்கலாம். அது நிக்கற சாய்வு நல்லா இருக்கோணுமில்ல?"

பட்டறையில் வண்டியை குழிமேல் நிறுத்தி, தூக்குக்குண்டு கட்டிய பெரிய பாகைமானி ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். கியர்பாக்ஸ் வாலில் ஒரு அளவு, ஷாஃப்ட்டில் ஒரு அளவு, பின் அச்சுப் பினியனில் ஒரு அளவு. சாக்பீஸால் தரையில் எழுதினார்.

"ஏர்ல பூட்டுன ரெண்டு மாடு மாதிரிங் இந்த ரெண்டு கிராஸும். சாய்வுல சுத்தறப்ப முன் கிராஸு ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வேகத்தைக் கூட்டிக் கூட்டிக் குறைக்கும். பின் கிராஸும் அதே சாய்வுல நின்னா, இது கூட்டினதை அது குறைச்சுரும். கணக்கு நேராயிரும். இங்க முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு டிகிரிக்கு மேல வித்தியாசம். கணக்கு நேராகலை. மிச்சம் உங்க ஸீட்டுக்கு வருது."

பற்று, வரவு! டிரயல் பாலன்ஸ்! எனக்கு மேஸ்திரியைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. கிரீஸ் தடுத்தது.

"ஏன் வித்தியாசம் வந்துதுங்க?"

டார்ச்சை அடித்தார். கியர்பாக்ஸின் வாலைத் தாங்கும் குறுக்குச் சட்டம். அதன்மேல் ரப்பர் மவுன்ட். "இந்த ரப்பர் வேற வண்டியுது. குட்டை. எவனோ விவரமானவன் உயரம் சரிக்கட்ட அடியில ஒரு பட்டை குடுத்திருக்கான். பாருங்க, துரு அச்சு தெரியுது." நீள்சதுரமாக ஒரு தடம். நடுவே இரண்டு வட்டம். "கிளட்ச் வேலைக்குக் கழட்டுனவங்க திருப்பி வெக்கலை. முக்கால் இஞ்ச் கனம் இருக்கும். வால் தொங்கிப் போச்சு."

நீள்சதுரம். முக்கால் இஞ்ச். இரண்டு ஓட்டை.

எனக்கு அந்த நிமிஷம் வேப்பமரம் சுற்றியது. கிளட்ச் வேலை முடிந்த அன்று, பட்டறைப் பையன் பழைய கிளட்ச் பிளேட்டோடு இன்னும் என்னென்னவோ ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தான். எது பழசு, எது மிச்சம் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உள்ளே வழவழவென்று ஒரு இரும்புத் துண்டு. 'அட, நல்ல பேப்பர் வெயிட்' என்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

46,300 ரூபாய்க்கான பில்கள் பறந்துவிடாமல் இரண்டு வருஷமாகக் காவல் காத்தது சாட்சாத் அந்த நோய்க்கு மருந்து!

விஷயத்தைச் சொன்னேன். மேஸ்திரி சிரிக்கவில்லை. பட்டறையே சிரித்தது.

கழிவு இரும்பில் ஒரு பட்டை வெட்டி, இரண்டு ஓட்டை போட்டு, மாட்டி, பாகைமானியில் மறுபடி அளந்து பார்த்தார். இரண்டு மணி நேரம். ஐநூறு ரூபாய். திரும்பும்போது காவிரிப் பாலத்துக்கு முன்னால் முள் எண்பதைத் தொட்டது. பிள்ளையார் அசையவில்லை. அப்போதுதான் என் வண்டியில் டயர் சத்தம் என்று ஒன்று கேட்கும் என்பதே எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை சித்தப்பாவை உட்கார வைத்தேன். பொள்ளாச்சி ரோடு. கிணத்துக்கடவில் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பயந்து வேகத்தைக் குறைத்தேன்.

"ஏங் கண்ணு, வண்டி எழுவதுக்குக் கீழ போகுதா?" என்றார், கண்ணைத் திறக்காமலே. "அமுத்து."

ஆனைமலை போகும் வழியெல்லாம் தென்னை நிழல். ஊர் எல்லையில் எழுப்பிவிடச் சொல்லிவிட்டுத் தூங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை உக்கடத்துக்காரர் வந்தார். காபி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

பழைய பட்டையை என்ன செய்வது என்று மேஸ்திரிக்கு போன் போட்டுக் கேட்டேன். "வண்டியில இருக்கறது இருக்கட்டும் தம்பி. அது உங்க மேஜைலயே இருக்கட்டும். அடுத்த தடவை பட்டறையில பையைக் குடுத்தாங்கன்னா பிரிச்சுப் பார்க்க ஞாபகம் வரும்" என்றார்.

இந்தக் கட்டுரையின் காகிதங்கள் இப்போது அதன் அடியில்தான் இருக்கின்றன.