மார்கழி விருந்தாளிக்கு ஆவணி வெயில்

ஆடி, ஆவணியில் வர முடியாத வெளிநாட்டு உறவுகளுக்கு, நத்தாரோடும் புதுவருடத்தோடும் வருகிற பள்ளி விடுமுறைதான் அடுத்த வாய்ப்பு. ரொறொன்ரோவில் பனி கொட்டும் அந்த நாட்களில் கிளிநொச்சியில் மாரி கொட்டும். வன்னியின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரைதான் விழுகிறது. முற்றம் சேறு, கிணற்று நீர் கலங்கல், விறகு ஈரம், போதாக்குறைக்கு நுளம்பு. வீடு மிகவும் சிரமப்படுகிற நேரம் பார்த்துத்தான் விருந்தாளி படியேறுகிறார்.

எங்கள் வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டியது. 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் உதவி, கட்டங்கட்டமாகக் கிடைத்தது. 550 சதுர அடி. மீள்குடியேறித் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்த எங்களுக்கு அந்தக் கூரையின் அருமை தெரியும். ஆனாலும் அக்கா குடும்பத்தோடு வரப்போகிறா என்று கேட்ட இரவு, எனக்கு மகிழ்ச்சியோடு பயமும் வந்தது. அவையள் இருக்கிற வீடு எப்படி, இது எப்படி? நிலத்துக்கு மாபிள் இல்லை, நல்ல கட்டில் இல்லை, கொமட் இல்லை. கடன் எடுத்தால் என்ன என்ற எண்ணம் வந்ததும் உண்மை. படிவத்தோடு வாசலுக்கே வந்து நிற்கிற நிறுவனங்கள் இங்கே குறைவில்லை. அந்தக் கடனால் வன்னிப் பெண்கள் பட்ட பாட்டையும் கண்ணால் கண்டிருக்கிறோம். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை 2018இல் அரசே தள்ளுபடி செய்ய முன்வரும் அளவுக்கு அந்தச் சுமை இருந்தது.

அம்மாதான் என்னை நிதானப்படுத்தினா. "வாறவள் என்ரை பிள்ளை. அவளுக்கு என்ன தேவை எண்டு அவளிட்டையே கேளன். மாபிளைப் பாக்கவோ வாறாள்?"

கேட்டேன். அக்கா ஒளிக்காமல் சொன்னா. அத்தானுக்கு முழங்கால் வருத்தம், குந்தி இருக்க ஏலாது. இன்சுலின் போடுகிறார். சின்னவனுக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது. மூத்தவளுக்கு நுளம்பு கடித்தால் உடம்பு தடித்துவிடும். "எனக்கு ஒண்டும் வேண்டாம். அம்மாவுக்குப் பக்கத்திலை பாயிலை படுக்க வேணும்." இதில் எதற்கும் கடன் தேவைப்படவில்லை. அயலில் சும்மா கிடந்த கொமட் கதிரையை இரவல் வாங்கினோம். பிடித்து எழும்ப மலசலகூடச் சுவரில் ஓர் இரும்புக் குழாயை மேசன் பூட்டித் தந்தார்.

மற்ற வேலையெல்லாம் ஆவணி, புரட்டாதி வெயிலில் முடிய வேண்டியவை. மிளகாயை அப்போதே காயவைத்து, வறுத்து, இடித்து வைக்க வேண்டும். புழுங்கல் அவித்துக் காயவைப்பதும் அப்போதுதான். விறகு பிளந்து தாழ்வாரத்துக்குள் அடுக்கி, நிலத்து ஈரம் ஏறாமல் அடியில் கல் வைக்க வேண்டும். தலையணைகளை வெயிலில் போட்டெடுக்க வேண்டும். கூரையில் ஏறி விலகிய ஓட்டை மாற்ற வேண்டும். ஐப்பசி பிறந்த பிறகு இதில் ஒன்றும் நடக்காது. மார்கழியில் நீங்கள் விருந்தாளிக்குக் கொடுக்கும் காரக் கறியும் உலர்ந்த தலையணையும் ஆவணி வெயில் தந்தவை.

அடுத்தது நீர். மாரியில் கிணற்று நீர் மேலே வருகிறது, வெள்ளம் வழிந்து உள்ளே போகிறது. கட்டு உயரமாக இல்லாத கிணறு என்றால் இன்னும் மோசம். எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, அவர் சொன்ன அளவில் குளோரின் போட்டோம். குடிக்கவும் பல் விளக்கவும் கொதித்தாறிய நீரைத் தனிக் குடத்தில் வைத்தோம். விருந்தாளிகள் எல்லோருக்கும் போத்தல் தண்ணீர் வாங்கி அடுக்குவதைவிட இது மலிவு, நாங்களும் குடிக்கலாம்.

டெங்கு நுளம்பு மழையோடு வருகிறது. வடக்கில் மார்கழி, தை மாதங்கள் அதற்கு உச்சக் காலம். 2017இல் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் வளவைச் சுற்றி, சிரட்டை, பேணி, பூச்சாடித் தட்டு, பீலிக்குள் தேங்கும் இலை என்று ஒவ்வொன்றாகக் கவிழ்க்கிறோம். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தோம்.

அக்காவின் பாய் ஆசைக்கும் நுளம்பு வலை முக்கியமானது. மழைக்குப் பாம்பு உலர்ந்த இடம் தேடும். இரவில் நிலத்தில் படுப்பவர்களுக்கு கட்டுவிரியன் கடி பெரிய ஆபத்து. வலையைப் பாயின் அடியில் நாலு பக்கமும் செருகிவிட்டால் நுளம்பும் வராது, பாம்பும் வராது. அம்மா தானே குனிந்து ஒவ்வொரு மூலையையும் செருகி, கையால் தடவிப் பார்த்து, அக்காவைப் படுக்கச் சொன்னா. போர் அவையளைப் பிரித்த பிறகு இருவரும் ஒரே வலைக்குள் படுத்தது அன்றுதான்.

இன்சுலினுக்குக் குளிர்சாதனப் பெட்டியை மட்டும் நம்ப முடியாது. மழைக்காற்றில் மரம் முறிந்து கம்பியில் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அகன்ற மண்சட்டியில் ஈர மணல் பரப்பி, நடுவில் சிறிய முட்டியை வைத்தேன். மருந்துக் குப்பியை நீர் புகாத பையில் சுற்றி முட்டிக்குள் இறக்கி, ஈரத்துணியால் மூடினேன். மணலின் ஈரம் ஆவியாகும்போது முட்டியின் உட்புறம் குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்த மாரியில் அது கோடையில்போலக் குளிராது. ஆனால் மழைநாளில் வெக்கையும் குறைவு. மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பிள்ளைகளுக்கு வயல் ஒரு திருவிழா. காலபோக நெல் பச்சைப்பசேல் என்று நிற்கும்போது வெறுங்காலோடு இறங்கத்தான் பார்ப்பார்கள். வயல் நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். காலில் புண் இருந்தால் இறங்கவே கூடாது. சனம் புழங்காத பற்றைக்குள் தனியே போகக் கூடாது என்பதையும் வந்த அன்றே சொல்ல வேண்டும். வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை பல வருடமாக நடந்துவருகிறது. மழை அரிக்கிற மண்ணில் பழைய வெடிபொருள் வெளியே தெரியலாம். தெரியாத இரும்பைத் தொடாமல் பெரியவர்களிடம் வந்து சொல்லப் பழக்க வேண்டும்.

2018இல் நத்தாருக்குச் சில நாட்கள் முன்பு இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல ஊர்கள் வெள்ளத்தில் நின்றதை யாரும் மறக்கவில்லை. அதனால் கடவுச்சீட்டு, பயணச்சீட்டு, மருந்து மூன்றையும் ஒரே பொலித்தீன் பையில் போட்டு உயரத்தில் வைத்தோம். தண்ணீர் ஏறினால் எந்தப் பாடசாலைக்குப் போவது, எந்த வீதியால் போவது என்றும் முதலே பேசிக்கொண்டோம்.

இத்தனையையும் செய்து முடித்தபோது வீட்டின் நிலம் பழைய சீமெந்து நிலமாகத்தான் இருந்தது. அதைப் பற்றி வந்தவர்கள் ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அத்தான் சிரமமில்லாமல் எழும்பி நடந்தார், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரவில்லை, அக்கா நித்திரை கொண்டா. என் பயத்துக்கு அதைவிட வேறு பதில் தேவைப்படவில்லை.

வன்னியில் இருக்கிற என் சகோதரிகளே, விருந்துக்கென்று கடன் எடுக்காதீர்கள். வருகிறவர்களிடம் உடம்புத் தேவையை வெளிப்படையாகக் கேளுங்கள், மழைக்கு முன்னம் வேலையைத் தொடங்குங்கள். வெளிநாட்டில் இருக்கிற உறவுகளே, எங்கள் வீட்டில் எது இருக்கிறது, எது இல்லை என்று புறப்படுமுன் நீங்களும் கேளுங்கள். உங்கள் வருத்தம், மருந்து, ஒவ்வாமை எல்லாவற்றையும் முதலே சொல்லுங்கள். அது எங்களுக்குச் சுமையல்ல, உதவி.