முப்பது சிசி

மாதவரத்தில் லாரிகள் வரிசையாக நிற்கும் தெருவுக்குப் பின்னால் இருக்கிறது அந்தப் பட்டறை. நான் உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டவை மூலையில் குவிந்திருந்த டீசல் பம்புகள். அவற்றின் மேல் நாசில் பைப்புகள் முறுக்குப் போலச் சுருண்டு கிடந்தன. நடுவே ஸ்டாண்டில், ஹெட் கழற்றிய ஆறு சிலிண்டர் பேருந்து எஞ்சின் ஒன்று. இனி அதில் ஒரு சொட்டு டீசல் இறங்காது; முழுக்க இயற்கை எரிவாயுதான்.

டீசலோடு கேஸையும் சேர்த்து ஓட்டுவது ஓரளவு சுலபம். கொஞ்சம் டீசல் தீ மூட்டிவிடும், மிச்சத்தை கேஸ் பார்த்துக்கொள்ளும். முழுக்க கேஸ் என்றால் அந்தத் தீக்குச்சியும் போய்விடுகிறது. டீசல் 200 டிகிரியைத் தாண்டியதுமே தானாகப் பற்றக்கூடியது. மீத்தேனுக்கு 500-க்கு மேல் வேண்டும். அதனால் நாசில் இருந்த துளையில் ஸ்பார்க் பிளக் ஏறுகிறது. பழைய டீசல் எஞ்சினில் காற்றை அடக்கி விடும் திராட்டில் கிடையாது; அதையும் புதிதாகப் பொருத்துகிறார்கள். கேஸ் உலர்ந்த எரிபொருள் என்பதால் வால்வு சீட்டுகளும் கடினமானவையாக மாறுகின்றன.

இதெல்லாம் ஸ்பானர் வேலை. உண்மையான வேலை லேத்தில் நடக்கிறது.

அங்கே நின்றவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பல வருடங்கள் டீசல் பம்பு பார்த்த கை. இப்போது பிஸ்டன் தலையில் உள்ள குழியை அகலப்படுத்திக்கொண்டிருந்தார். டீசலுக்கான அமுக்க விகிதம் 17-க்கு 1 என்ற அளவில் இருக்கும். அதே அமுக்கத்தில் கேஸ் ஓடினால் எஞ்சின் 'நாக்' அடித்து பிஸ்டனையே தின்றுவிடும். 11 அல்லது 12-க்கு இறக்கியாக வேண்டும். ஒரு சிலிண்டர் 950 சிசி என்று வைத்துக்கொண்டால், குழியில் ஏறக்குறைய 30 சிசி கூடுதலாக இடம் வேண்டும். இருமல் மருந்து மூடியில் மூன்று மூடி. அதிகம் எடுத்தால் பிஸ்டன் தலை மெலிந்துவிடும்.

கடைந்த பிஸ்டனின் விளிம்பில் கிரீஸ் தடவி, துளையிட்ட கண்ணாடித் தகட்டை ஒட்டி, பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். குமிழி மறையும்வரை குனிந்தே இருந்தார். அரை சிசி குறைந்தது. பிஸ்டன் மறுபடி லேத்தின் சக்கில் ஏறியது.

“அரைதானேண்ணே?” என்றேன்.

“ஆறும் ஒண்ணா இழுக்கணும்ல?” தலை நிமிரவில்லை.

இந்தியாவில் இந்த மாற்றத்துக்குப் பெரிய தொடக்கம் டெல்லி. நகரப் பேருந்துகள் எல்லாம் சிஎன்ஜிக்கு, அதாவது அழுத்திய இயற்கை எரிவாயுவுக்கு, மாற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-இல் உத்தரவிட்டது. முதல் ஆண்டுகளில் சில பேருந்துகள் தீப்பிடித்தன. கெடுவை நோக்கி ஓடும் வேலையில் குழாய் இணைப்பைச் சரிபார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும்? சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2024-இல்தான் டீசல் பேருந்துகளை மாற்றிச் சோதனை ஓட்டம் தொடங்கியது.

வெளியே, மாற்றி முடித்த எஞ்சின் ஒன்றைக் கிளப்பினார்கள். டீசலின் கடகடப்பு இல்லை. கேஸ் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் எரிவாயு, ரெகுலேட்டரில் விரியும்போது குளிர்ந்து உறையப் பார்க்கும். அதனால் எஞ்சினின் வெந்நீரையே அதைச் சுற்றி ஓடவிட்டிருந்தார்கள்.

இப்படி மாற்றிய வண்டியை வாங்குபவர்கள் இரண்டைப் பார்த்துவிடுங்கள்: கேஸ் சிலிண்டருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயமான அழுத்தச் சோதனையின் தேதி; ஆர்சி புத்தகத்தில் எரிபொருள் என்ற இடம். அங்கே இன்னும் ‘டீசல்’ என்றே இருந்தால், வேண்டாம்.