எந்த மண்ணில் எந்தச் செடி?

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால், அது நட்டவருக்குத் தர்மமாகிறது என்னும் கருத்தமைந்த நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. நடுவது நன்மை என்பதில் ஐயமில்லை. எந்த மண்ணில் எதை நடுகிறோம் என்பதும் அந்நன்மையைச் சேர்ந்ததே.

சென்ற ஆண்டு அத்தா வஃபாத்தானபின், அவர் பெயரில் ஸதகத்துல் ஜாரியாவாக மரம் நட உம்மா விரும்பினார். அத்தா மாலையில் உலவிய கொட்டிவாக்கம் கடற்கரையில் சவுக்குக் கன்றுகள் நடலாம் என்றான் தம்பி. வெறும் மணலாகக் கிடக்கிறதே என்பது அவன் எண்ணம்.

உண்மையில் அம்மணல்மேடு வெறுமையானதன்று. அடம்புக் கொடி கணுவுக்குக் கணு வேரூன்றி மணலைப் பிணைக்கிறது. இராவணன் மீசை என்னும் முட்புல், காற்று அள்ளிவரும் மணலைத் தடுத்துச் சேர்க்கிறது. இவ்வாறு வளரும் மேடு புயலலையின் வேகத்தைத் தாங்குகிறது. மழைநீரை உள்வாங்கி, நிலத்தடியில் உப்புநீர் ஏறாமல் காக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுவதும் இங்கேதான். சவுக்கோ ஆஸ்திரேலியாவிலும் தென்கிழக்காசியாவிலும் இயல்பாக வளரும் மரம். அதன் அடர்ந்த சருகு கொடிகளை மூடிவிடும். வேர்கள் ஆமை குழி தோண்டுவதற்குத் தடையாகும்.

மண்ணுக்குரியதை மீட்க முடியும் என்பதற்குச் சான்று அருகிலேயே உள்ளது. தாம்பரத்துக்கு மேற்கிலுள்ள ஏரிகளின் உபரிநீரைச் சுமந்துவரும் அடையாறு கடலோடு கலக்குமிடத்தை ஒட்டி, குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டப்பட்டிருந்த 58 ஏக்கர் நிலம் தூய்மையாக்கப்பட்டது. நீர்நிலைகள் ஆழப்படுத்தப்பட்டு, அலையாத்தித் தாவரங்களும் இம்மண்ணின் மரங்களும் நடப்பட்டன. அதுவே 2011-இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா. அங்கு முதலில் நடந்தது நடுதலன்று, அகற்றுதல்.

இவற்றைக் கேட்ட உம்மா, "அப்படியென்றால் அந்த மணலை அதன்போக்கில் விடுவதும் நன்மைதானே" என்றார். சேலையூரில் எங்கள் வீட்டருகே ஒரு நாவல் கன்றை நட்டோம்.

அர்-ரஹ்மான் அத்தியாயம் வானத்தோடு மீஸானையும் குறிப்பிட்டு, அத்தராசில் வரம்பு மீறுவதைத் தடுக்கிறது. மரம் நட விரும்பும் குடும்பத்தார் கன்று வாங்குமுன் அவ்விடத்தில் இயல்பாக வளர்வது எது என்று பாருங்கள். தாம்பரம் பகுதிச் செம்மண்ணுக்குப் புங்கும் வேம்பும் நாவலும் பொருந்தும். புதர்நிலமாயின் களாவும் காரையும் போதும். கடற்கரைக்குச் சென்றால் அடம்பை மிதிக்காமலும் குப்பை போடாமலும் திரும்புவோம். அல்லாஹ் நம் எண்ணங்களை ஏற்றுக்கொள்வானாக.