நெடுஞ்சாலையில் இறங்கிய விமானம்



2025 நவம்பர் 13 அன்று, சேலத்திலிருந்து புறப்பட்ட செஸ்னா 172 பயிற்சி விமானம் ஒன்று நடுவானில் கோளாறு ஏற்பட்டு, திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் நார்த்தாமலை அருகே அவசரமாகத் தரையிறங்கியது. அதிலிருந்த இருவரும் உயிர் பிழைத்தனர், அல்ஹம்துலில்லாஹ். சனிக்கிழமை கலசப்பாக்கத்தில் எங்கள் மக்தப் கூடியபோது பிள்ளைகளுக்கு வேறு பேச்சே இல்லை. வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவை, அதாவது ஸூரத்துஸ் ஸுக்ருஃபின் 13, 14ஆம் வசனங்களை, அந்த வாரம்தான் மனனம் செய்திருந்தார்கள்.

"துஆ ஓதிவிட்டு ஏறினால் எஞ்சின் நிற்காதா, ஹஸ்ரத்?" என்று ஒரு சிறுவன் கேட்டான்.

பதில் சட்டென்று வரவில்லை. நாளை சொல்கிறேன் என்றேன்.

அன்றிரவு தேடிப் படித்தேன். எஞ்சின் நின்றால் விமானம் கல்லைப் போல விழும் என்றே இதுவரை எண்ணியிருந்தேன். அப்படியல்ல. நான்கு இருக்கையும் ஒரே எஞ்சினும் கொண்ட இந்த வகை விமானம், ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தூரம் சறுக்கிச் செல்லக்கூடியது. விமானி முதலில் அதற்குரிய வேகத்தைப் பிடிக்க வேண்டும். அடுத்து இறங்க இடம் தேட வேண்டும். நேரம் மிஞ்சினால் எஞ்சினை மீண்டும் இயக்கிப் பார்க்கலாம். வானொலியில் உதவி கேட்பதுகூட இவற்றுக்குப் பிறகுதான். இதற்காகவே பயிற்சியின்போது ஆசிரியர் திடீரென எஞ்சின் விசையைக் குறைத்துவிட்டு, "இப்போது என்ன செய்வாய்?" என்பாராம். ஆபத்து வருமுன்பே அதைப் பலமுறை ஒத்திகை பார்த்துவிடுகிறார்கள்.

வாகனத்தை வசப்படுத்தும் வலிமை நமக்குச் சொந்தமானதல்ல என்பதே அந்த துஆவின் உட்பொருள். அதை மனமார உணர்ந்தவன் அலட்சியமாக இருப்பானா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியை (ஸல்) இருபது ஆண்டுகளாகக் கற்பித்துவருகிறேன். ஆனால் என் இருசக்கர வாகனத்தின் பின் பிரேக் இரண்டு மாதமாகச் சரியாகப் பிடிப்பதில்லை. அதே வண்டியில்தான் துஆ ஓதி, மகளைப் பின்னால் அமர்த்திப் போளூர் சாலையில் போய்வந்தேன். மனைவி பலமுறை சொன்னாள். "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்றே அவள் வாயை அடைத்தேன். அது தவக்குல் அல்ல, சோம்பல். அதற்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டியிருந்தேன்.

மறுநாள் காலை வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, மக்தபுக்கு நடந்தே போனேன். சிறுவன் வாசலில் காத்திருந்தான்.

"வண்டி எங்கே, ஹஸ்ரத்?"

"உட்கார். உன் கேள்விக்குப் பதில் அதிலிருந்துதான் தொடங்குகிறது" என்றேன்.